விபத்து இழப்பீட்டு வழக்கு: வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நமதூர்ப் பிள்ளை ஒருவர் பைக்கில் அடிபட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். முத்துப்பேட்டை அரசு மருத்துவமனையில் முதலுதவி, அங்கிருந்து 108-ல் தஞ்சாவூர் மெடிக்கல் அல்லது திருவாரூர் மெடிக்கல், வாட்ஸ்அப் குழுவில் ரத்தம் கேட்டு ஒரு செய்தி, துஆ கேட்டு இன்னொரு செய்தி. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கட்டிலுக்குப் பக்கத்தில் அறிமுகம் இல்லாத ஒருவர் வந்து நிற்பார். அன்பாகப் பேசுவார். "கேஸைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க பாய், ஒரு பைசா கையிலிருந்து போட வேணாம். வர்றதுல எங்களுக்கு இத்தனை பர்சன்ட், அவ்வளவுதான்" என்பார். கையில் அச்சடித்த தாள்கள் இருக்கும். காலில் கம்பி போட்டுப் படுத்திருக்கும் பிள்ளை, இரண்டு நாளாகத் தூங்காத வாப்பா, என்ன என்று படித்துப் பார்க்கும் நிலையிலா இருப்பார்கள்? கையெழுத்து விழுந்துவிடும்.

அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எலும்பு ஒட்டிவிடும். ஆனால் அன்று போட்ட கையெழுத்து நான்கைந்து வருடம் கழித்து, பணம் வரும் நாளில் வந்து நிற்கும்.

தெலங்கானாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். 1998-ல் சாலை விபத்தில் கணவரைப் பறிகொடுத்த ஒரு பெண், இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். பல வருட இழுபறிக்குப் பின் பணம் வந்தது. வக்கீலுக்கு 10 லட்சம் ரூபாய் கட்டணமாகக் கொடுத்தும் ஆயிற்று. அது போதாது, வந்த தொகையின் சதவீதக் கணக்குப்படி இன்னும் வர வேண்டும் என்று 2014-ல் அவரிடம் 3 லட்சத்துக்கு ஒரு செக்கில் கையெழுத்து வாங்கப்பட்டது. கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்பியது. வக்கீல் தன் கட்சிக்காரர் மீதே செக் மோசடி வழக்குப் போட்டார். கணவரை இழந்து இழப்பீடு கேட்டுப் போனவர், குற்றவாளிக் கூண்டில் நிற்கும் நிலை. அந்தப் பெண் விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 டிசம்பர் 5-ம் தேதி நீதிபதிகள் ஆதர்ஷ் குமார் கோயல், யு.யு. லலித் அமர்வு அந்தச் செக் வழக்கையே ரத்து செய்தது. வழக்கில் கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் கட்டணம் பேசுவது சட்டப்படி செல்லாது, அது தொழில் ஒழுங்கீனமும் கூட என்று தீர்ப்பில் எழுதியது.

இது புதிதாகப் போட்ட சட்டம் இல்லை. இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் 20-வது விதி வெகுகாலமாக இதைத்தான் சொல்கிறது: வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது, கிடைப்பதில் பங்கு கேட்கக் கூடாது. 36-வது விதி, ஆள் வைத்து வழக்குப் பிடிக்கக் கூடாது என்கிறது. அமெரிக்காவில் சதவீதக் கணக்கில் வழக்கு நடத்துவது சட்டப்படி சரி. இன்டர்நெட்டில் தேடினால் வருவது பெரும்பாலும் அந்த ஊர்க் கதைதான். அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் போல என்று நம் படித்த பிள்ளைகளே சொல்கிறார்கள்.

இதைச் சொன்னவுடன் "கையில் காசு இல்லாதவன் வக்கீலுக்கு எங்கே போவான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதலில் எதுவும் வாங்காமல், தன் கைக்காசைப் போட்டு மனுத் தாக்கல் செய்து, ஏழைகளுக்காக வருடக்கணக்கில் அலையும் வக்கீல்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்டணமே வாங்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சதவீதமாக இல்லாமல் ஒரு தொகையாகப் பேசுங்கள். மனுப் போடும்போது இவ்வளவு, சாட்சி விசாரணையின்போது இவ்வளவு, மீதி பின்னால் இவ்வளவு என்று தவணையாகப் பேசலாம். டைப்பிங், நகல், டாக்டரைச் சாட்சிக்கு அழைக்கும் செலவு ஆகியவை அதில் சேருமா, தனியா என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். பேசியதை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் வைத்துக்கொள்ளுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கத்தில் இருக்கும் நாம், வக்கீல் விஷயத்தில் மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்? எழுதித் தர மறுப்பவரிடம் வழக்கைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் எண்ணம்.

சரி, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள் என்றோம். அதற்காக ஆறப்போட்டும் விடாதீர்கள். "விபத்துக் கேஸுக்குக் காலக்கெடுவே கிடையாது, எப்ப வேணா போடலாம்" என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது ஒரு காலத்தில் உண்மை. 1994-ல் சட்டத்தைத் திருத்தி காலக்கெடுவை எடுத்துவிட்டார்கள். ஆனால் 2019-ல் கொண்டுவந்த திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தபோது, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற விதி திரும்பி வந்துவிட்டது. இந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டுள்ளன. அதன் முடிவை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை. ஆறு மாதம்தான் கெடு என்று நினைத்தே வேலையைப் பாருங்கள்.

இதில் நம் குடும்பங்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. விபத்தில் கணவர் மவுத்தாகிவிட்டால் மனைவிக்கு இத்தா நான்கு மாதம் பத்து நாள். "இத்தா முடியட்டும், அப்புறம் கேஸைப் பார்க்கலாம்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். இத்தா முடியும்போது ஆறு மாதத்தில் மிச்சம் இருப்பது ஒன்றரை மாதம் சொச்சம். அதற்குள் வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனை அறிக்கை என்று எல்லாவற்றுக்கும் அலைய வேண்டும். இத்தாவில் இருப்பவர் இதற்காக வாசல்படி தாண்ட வேண்டியதில்லை. காவல் நிலையத்துக்கு உறவினர் யார் வேண்டுமானாலும் போகலாம். வக்காலத்திலும் மனுவிலும் வீட்டில் இருந்தபடியே கையெழுத்திடலாம். நீதிமன்றத்தில் நின்று சாட்சி சொல்லும் கட்டம் வருவதற்குப் பல மாதங்கள் ஆகும். ஆனால் வீட்டுக்கு வந்து நீட்டப்படும் தாளை, அவருடைய வாப்பாவோ காக்காவோ தம்பியோ முழுவதும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இறந்தவரின் பெற்றோரையும் அதே மனுவில் சேர்ப்பது முக்கியம். மனைவி ஒரு வக்கீல், மாமனார் ஒரு வக்கீல் என்று இரண்டு மனுவாகப் போய் இழுபடும் குடும்பங்கள் உண்டு. தீர்ப்பாயம் பங்கு பிரிப்பது இறந்தவரின் வருமானத்தை யார் எவ்வளவு சார்ந்திருந்தார்கள் என்பதைப் பார்த்துத்தான். அது வாரிசுரிமைப் பங்கோடு ஒத்துப்போக வேண்டும் என்று இல்லை.

வக்கீல் தேவையில்லாத இடங்கள்

வக்கீலைத் தேடும் முன் வக்கீல் தேவையா என்று பாருங்கள். இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டது, எண் தெரியவில்லை என்றால் அரசின் திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. இதற்கு விசாரணை அதிகாரியாக இருப்பவர் வருவாய்த் துறையில் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையில் உள்ளவர். படிவமும் முதல் தகவல் அறிக்கையும் மருத்துவச் சான்றும் போதும். இதற்குப் பங்கு கேட்டு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தானே தடுமாறி விழுந்தவர், அல்லது தன் மேலேயே தப்பு உள்ளவர், எதிர் வண்டியின் இன்சூரன்ஸில் இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் வண்டி அவர் பெயரில் இருந்து, லைசென்ஸும் இருந்தால், பாலிசியில் உள்ள உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீட்டைப் பார்க்க வேண்டும். 2018-ல் இந்தத் தொகையை 15 லட்சமாக உயர்த்தினார்கள். மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் இது கிடைக்கும். பாலிசித் தாளைப் பிரித்தே பார்க்காமல், "அவன் மேல தப்பு, ஒண்ணும் கிடைக்காது" என்று விட்டுவிட்ட வீடுகள் எத்தனையோ.

இன்னொன்று, யார் தப்பு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு 2.5 லட்சம் கிடைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவு வழி செய்கிறது. விரைவாக முடியும். ஆனால் இந்தத் தொகையை இன்சூரன்ஸ் கம்பெனியோடு பேசி ஏற்றுக்கொண்டால் பெரிய தொகை கேட்டுப் போட்ட மனு காலாவதி ஆகிவிடும். சின்னக் காயமாக இருந்தால் யோசிக்கலாம். கால் போனவர், சம்பாதிக்கும் வயதில் இருப்பவர் அவசரப்படக் கூடாது.

முதல் வாரத்துக் காகிதங்கள்

வழக்கின் பாதி பலம் வக்கீல் வருவதற்கு முன்பே மருத்துவமனையில் முடிவாகிவிடுகிறது. அடிபட்டவரைச் சேர்க்கும்போது மருத்துவமனையில் எழுதும் விபத்துப் பதிவேட்டுக் குறிப்பு, அதாவது ஏ.ஆர். காப்பி, மிக முக்கியம். "எப்படி அடிபட்டது?" என்று டாக்டர் கேட்கும்போது கூட வந்தவர் பயந்துபோய், போலீஸ் கேஸ் வேண்டாம் என்று "வழுக்கி விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுவார். அது அப்படியே பதிவாகும். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் தூக்கிக் காட்டுவது அந்த வரியைத்தான். என்ன வண்டி, எந்த இடம், எத்தனை மணி என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

முதல் தகவல் அறிக்கை பதிவாகாமல் "ஜமாஅத்தில் பேசிக்கலாம்", "நம்ம பையன் வண்டிதானே" என்று விடுவதும் உண்டு. ஊருக்குள் சமாதானம் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இழப்பீடு தரப்போவது பெரும்பாலும் நம்ம பையன் இல்லை, அவன் வண்டிக்கு இன்சூரன்ஸ் போட்ட கம்பெனி. வழக்குப் பதிவானால் அவனுக்கு அபராதம் வரலாம். பதிவாகாவிட்டால் அடிபட்டவன் குடும்பம் சிகிச்சைச் செலவுக்கு நகையை அடகு வைக்க வேண்டிவரும். இருபதாயிரம் வாங்கிக்கொண்டு "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கொடுத்த பிறகு, ஆறாவது வாரம் கம்பி விலகி மறுபடி ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால் யாரிடம் போய் நிற்பது? பேசி முடிப்பவர்கள் இதை யோசித்துப் பேச வேண்டும்.

2022-ல் வந்த விதிகளின்படி போலீஸார் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும் 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையும் தர வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை நடைமுறைப்படுத்தச் சொல்லி உத்தரவிட்டது. அந்த அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு. அதை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம். ஆனால் நகல் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. முதல் தகவல் அறிக்கை, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, இடத்தின் வரைபடம், குற்றப்பத்திரிகை, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை பில் வரை எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். வக்கீலிடம் அந்த நிலையில் நகல்களைக் கொடுங்கள். அசலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் நாளில் எடுத்துச் செல்லுங்கள்.

எந்த வக்கீல்?

இழப்பீட்டு வழக்கில் வக்கீலின் திறமை எங்கே தெரியும் என்பதை ஒரு கணக்கோடு சொல்கிறோம். 32 வயது மெக்கானிக் ஒருவர், மாதம் 18,000 ரூபாய் வருமானம், விபத்தில் முழங்கால் மடங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் போய்விட்டது என்று நிரூபித்தால் கணக்கு இப்படி வரும். 40 வயதுக்குக் குறைந்த சுயதொழில் செய்பவர் என்பதால் எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். இது 2017-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது. காயம்பட்டவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2020-ல் தெளிவுபடுத்தினார்கள். ஆக மாதம் 25,200, வருடத்துக்கு 3,02,400. அவர் வயதுக்குரிய பெருக்கு எண் 16. இந்த எண் 2009 தீர்ப்பின் பட்டியலில் இருக்கிறது. பெருக்கினால் 48,38,400. அதில் 20 சதவீதம் 9,67,680 ரூபாய். சிகிச்சைச் செலவு, வலி வேதனை எல்லாம் இதற்கு மேல்.

இதே ஆளுக்குத் தொழில் பாதிப்பை நிரூபிக்காமல், வெறும் ஊனச் சான்றை மட்டும் நீட்டினால் என்ன ஆகும்? தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் ஒரு சதவீத ஊனத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கிடும் வழக்கமும் உண்டு. சதவீதத்துக்கு 5,000 என்று வைத்தால் 20-க்கு ஒரு லட்சம். ஒரே கால், ஒரே எக்ஸ்-ரே. எட்டரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கை வக்கீல்கள் எல்லோரும் அறிவார்கள். பாலாடைக்கட்டி விற்பவர் ஒருவருக்கு இடது காலில் 45 சதவீத ஊனம் என்று சான்று. 45 சதவீதம் என்பது அந்தக் காலுக்கு மட்டும், உடம்பு முழுவதற்கும் அல்ல என்று சொன்ன நீதிமன்றம், அவருடைய சம்பாதிக்கும் திறன் இழப்பை 20 சதவீதமாக வைத்தது. அதே தீர்ப்பில் ஓர் உதாரணமும் உண்டு: கை போனால் டிரைவருக்கோ தச்சருக்கோ ஏறக்குறைய நூறு சதவீத நஷ்டம், அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமல் இருக்கலாம். ஆகவே வக்கீலின் வேலை, ஊனம் எத்தனை சதவீதம் என்று எழுதி வாங்குவதோடு முடியாது. அந்த ஊனத்தோடு இந்த மனிதர் தன் தொழிலை எப்படிச் செய்ய முடியாமல் போனார் என்பதை டாக்டர் வாயாலும், முதலாளி வாயாலும், கணக்குப் புத்தகத்தாலும் காட்ட வேண்டும்.

அதனால் வக்கீலைப் பார்க்கப் போகும்போது "எவ்வளவு கிடைக்கும்?" என்று முதலில் கேட்காதீர்கள். முதல் நாளே இருபது லட்சம் என்று சொல்பவர் அதிகம் தெரிந்தவர் இல்லை. டாக்டரைச் சாட்சியாக விசாரிப்பீர்களா, வருமானத்தை எப்படி நிரூபிப்பீர்கள், விசாரணைக்கு நீங்களே வருவீர்களா அல்லது ஜூனியரா என்று கேளுங்கள். பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வதில் தவறில்லை. குமாஸ்தா என்று வந்தவரை வக்கீல் என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் நடந்தவர்கள் இருக்கிறார்கள். மனுத் தாக்கல் ஆனதும் எம்.சி.ஓ.பி. எண் தருவார்கள். அது கையில் இருந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். எண்ணைக் கேட்டு ஒரு மாதமாகியும் தராவிட்டால், மனு இன்னும் போடப்படவில்லை என்று சந்தேகப்படலாம்.

விபத்து சென்னையிலோ திருச்சியிலோ நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். ஒரு நுணுக்கம்: திருவாரூர் மாவட்டத் தீர்ப்புக்கு மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தில். தம்பிக்கோட்டைப் பக்கம் தஞ்சாவூர் மாவட்ட எல்லைக்குள் நடந்த விபத்துக்குப் பட்டுக்கோட்டையில் போட்டால் மேல்முறையீடு மதுரைக் கிளைக்குப் போகும். மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம்.

வக்காலத்துப் படிவத்தை ஒரு தடவையாவது படியுங்கள். அச்சடித்த படிவத்தில் வழக்கை ராஜி செய்யவும், கட்சிக்காரர் சார்பில் பணம் பெறவும் வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் வரிகள் பெரும்பாலும் இருக்கும். பணம் பெறும் வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திட உங்களுக்கு உரிமை உண்டு. வெற்றுத் தாளிலும், தொகை எழுதாத செக்கிலும் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள்.

விடுப்பில் வந்தவர் அடிபட்டால்

வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தோ இரண்டு மாத லீவில் வந்தவர் விபத்தில் சிக்குவது நமதூரில் அரிது அல்ல. வெளிநாட்டுச் சம்பளத்தையும் இழப்பீட்டுக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். மனுத் தாக்கல் செய்த நாளின் நாணய மதிப்பை வைத்துக் கணக்கிட்ட தீர்ப்பும் 2013-ல் உச்ச நீதிமன்றத்தில் வந்திருக்கிறது. ஆனால் காகிதம் வேண்டும். வேலை ஒப்பந்தம், விசா, சம்பளம் வங்கியில் ஏறிய விவரம், என்.ஆர்.இ. கணக்கு, திரும்பிப் போக எடுத்த டிக்கெட், விசா காலாவதியான தேதி இவையெல்லாம் சாட்சிகள். ஒப்பந்தம் அரபியில் இருந்தால் மொழிபெயர்ப்பு வேண்டும். கம்பெனியில் வேலை போவதற்கு முன்பே கடிதம் வாங்கிவிடுங்கள், பிறகு தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். மனசு கஷ்டமாக இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: உண்டியலில் அனுப்பிய பணத்துக்கு நீதிமன்றத்தில் சாட்சி கிடையாது. மாதம் அறுபதாயிரம் அனுப்பியவரை, காகிதம் இல்லாததால் கூலி வேலைக்காரர் கணக்கில் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

ராஜியும் பணமும்

வழக்கு நடக்கும்போது "மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்வோம்" என்று வக்கீல் சொல்லலாம். பல நேரம் நல்ல யோசனைதான், வருடக்கணக்கான அலைச்சல் மிச்சம். ஆனால் மக்கள் நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அங்கே ஒப்புக்கொண்ட தொகைதான் கடைசித் தொகை. அதனால் அன்று காலை நீதிமன்ற வராந்தாவில் வைத்து முடிவு செய்யாதீர்கள். மேலே சொன்ன பெருக்கல் கணக்கை முதல் நாள் வீட்டில் போட்டுப் பார்த்து, எந்தத் தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டு போங்கள். ராஜிக்குச் சம்மதிக்கவும் மறுக்கவும் உரிமை உங்களுக்குத்தான்.

இடித்தது அரசுப் பேருந்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி இல்லை, போக்குவரத்துக் கழகமே கொடுக்க வேண்டும். தீர்ப்பு வந்தும் பணம் வராமல் நிறைவேற்று மனுப் போட்டு, கடைசியில் நீதிமன்ற ஊழியர்கள் பேருந்து நிலையத்தில் பஸ்ஸை ஜப்தி செய்யும் செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். அந்த நிறைவேற்று மனுவுக்கு வேறு கட்டணமா என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பணம் வரும் வழி இப்போது மாறியிருக்கிறது. இழப்பீட்டை நேராக மனுதாரரின் வங்கிக் கணக்கில் செலுத்தும் முறையை 2021-லும் 2025-லும் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. எனவே பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, செக் புத்தகம் எதையும் யாரிடமும் "வசதிக்காக" கொடுத்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை. வங்கிக் கணக்கை நீங்களே தொடங்குங்கள், உங்கள் செல்பேசி எண்ணையே கொடுங்கள். குறுஞ்செய்தி உங்களுக்கு வர வேண்டும், குமாஸ்தாவுக்கு இல்லை. மனுப் போட்ட நாளிலிருந்து வட்டியும் சேர்ந்து வரும், தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7.5 சதவீதம். மார்க்கப்படி வட்டிப் பணத்தை என்ன செய்வது என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வட்டி எவ்வளவு வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "வட்டிதானே, உங்களுக்கு ஆகாதே" என்று அதை மட்டும் கழித்துக்கொண்டு கொடுப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

வக்கீல் சரியில்லை என்று தெரிந்தால் மாற்றலாம். கட்டண பாக்கியைக் காரணம் காட்டி வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் அவர் தனியாக வசூல் செய்துகொள்ளட்டும், கட்டை முதலில் கொடுக்க வேண்டும். வேலை செய்தவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு மாறுவதுதான் முறை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். வக்கீல் மீது நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது, 2024 மே மாதத் தீர்ப்பில் அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது. ஒழுங்கீனப் புகார் என்றால் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு, வழக்கறிஞர் சட்டத்தின் 35-வது பிரிவின் கீழ் எழுத வேண்டும். பேசிய கட்டணம் எழுதிய தாளும், பணம் கொடுத்த ரசீதும் அப்போதுதான் உதவும்.

வக்கீலுக்குக் கொடுக்க ஒன்றுமே இல்லாதவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், சிறுவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் தர சட்டத்தில் இடம் உண்டு. ஆண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். விபத்தில் ஊனமுற்றவர் அந்தச் சான்றோடு போகலாம். திருவாரூர் மாவட்ட நீதிமன்றத்தில் மாவட்ட ஆணைக்குழு இயங்குகிறது, நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் கேட்கலாம். போகும்போது முதல் தகவல் அறிக்கை நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார் நகல் மூன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இல்லாவிட்டால் அதற்காகவே இன்னொரு நாள் பஸ் ஏற வேண்டியிருக்கும்.